அவார்டு வந்த பிறகு சம்பளத்தைத் திருத்த முடியுமா? புதிய சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வழிகாட்டி

சங்கப் பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தோழர், அவார்டுல ஒரு அலவன்ஸ் விட்டுப்போச்சு. அதே தீர்ப்பாயத்துல ஒரு மனு போட்டுச் சேர்த்துக்கலாமா?" நிர்வாகத் தரப்பில் மனிதவளத் துறைக்குப் புதிதாக வந்தவர்களும் இதையே தலைகீழாகக் கேட்கிறார்கள்: "தீர்ப்பாயம் அதிகமாகக் கொடுத்துவிட்டது, குறைக்கச் சொல்லி அங்கேயே கேட்கலாமா?"

இரண்டுக்கும் பெரும்பாலும் பதில் 'முடியாது' என்பதுதான். அவார்டு, அதாவது தொழில் தகராறில் தீர்ப்பு, கொடுத்து முடித்த தீர்ப்பாயம், அதே வழக்கை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு "அன்று குறைவாகக் கொடுத்துவிட்டேன், இன்று கூட்டித் தருகிறேன்" என்று சொல்ல சட்டம் இடம் தரவில்லை. ஆனால் சம்பள அவார்டைத் தொடவே முடியாது என்றும் அர்த்தமில்லை. சில வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி இடம், தனிக் காலம். எந்தக் குறைக்கு எந்த வழி என்று தெரியாமல் மனு போட்டு ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்கி அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு செய்தி. கீழே வரும் பிரிவு எண்கள் 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தினுடையவை. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு 2020-ஆம் ஆண்டு தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. ஆனால் உங்கள் பீரோவில் இருக்கும் அவார்டும், வக்கீல் எடுத்துக்காட்டும் தீர்ப்புகளும் பழைய எண்களில்தான் பேசுகின்றன. அந்த எண்கள் தெரியாமல் ஒரு வழக்குக் கட்டைக்கூடப் படிக்க முடியாது. புதிய சட்டத்தில் என்ன மாறியிருக்கிறது என்பதை வரவேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில், கையில் இருக்கும் தாள் எது என்று பாருங்கள்

பலர் எல்லாவற்றையும் 'அவார்டு' என்றே சொல்லிவிடுகிறார்கள். சமரச அதிகாரி முன்னால் கையெழுத்தானது என்றால் அது 12(3) ஒப்பந்தம். சங்கமும் நிர்வாகமும் தங்களுக்குள் பேசி முடித்தது என்றால் 18(1) ஒப்பந்தம். தீர்ப்பாயமோ தொழிலாளர் நீதிமன்றமோ விசாரித்துச் சொன்னதுதான் அவார்டு. ஒப்பந்தத்துக்கு ஆயுட்காலத்தை நீங்களே பேசி வைத்துக்கொள்ளலாம். எதுவும் பேசாவிட்டால் ஆறு மாதம். அவார்டுக்குச் சட்டமே காலம் வைத்திருக்கிறது. அதனால் இரண்டையும் குழப்பிக்கொண்டால் நோட்டீஸ் கொடுக்கும் தேதியே தவறிப்போகும்.

இன்னொன்று, வங்கி, காப்பீடு, ரயில்வே, துறைமுகம் போன்றவற்றுக்கு 'உரிய அரசு', அதாவது தகராறைக் கையாளும் அதிகாரம் உள்ள அரசு, மத்திய அரசு. சென்னையில் அதற்கான மத்திய அரசுத் தீர்ப்பாயம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இயங்கிவருகிறது. சாதாரணத் தனியார் தொழிற்சாலை என்றால் உரிய அரசு தமிழ்நாடு அரசு. இதைத் தவறாகப் போட்டால் மனு வாசலிலேயே நின்றுவிடும்.

அவார்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள்

எல்லாரும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள், எவ்வளவு கிடைத்தது என்று பார்க்க. ஆசை புரிகிறது. ஆனால் முதல் பக்கத்தில் ஒரு பத்தி இருக்கும்: எந்த அரசாணைப்படி எந்தக் கேள்வி தீர்ப்பாயத்துக்கு அனுப்பப்பட்டது என்று. இதைத்தான் ரெஃபரன்ஸ் என்கிறோம். அங்கிருந்து தொடங்குங்கள்.

10(4) பிரிவின்படி, தீர்ப்பாயம் தன்னிடம் அனுப்பப்பட்ட கேள்வியையும் அதை ஒட்டி வருகிற விஷயங்களையும் மட்டுமே தீர்மானிக்கலாம். டெல்லி கிளாத் மில்ஸ் வழக்கிலும், பாட்டரி மஸ்தூர் பஞ்சாயத்து வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே சொன்னது. "பஞ்சப்படியை உயர்த்தக் கேட்பது நியாயமா?" என்பதுதான் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். தீர்ப்பாயம் உயர்த்தலாம், மறுக்கலாம், எந்தத் தேதியிலிருந்து என்று சொல்லலாம். ஆனால் வீட்டு வாடகைப்படியை எடுத்துக் குறைக்க முடியாது. அதே நியாயம்தான் உங்களுக்கும். வீட்டு வாடகைப்படி ரெஃபரன்ஸில் இல்லையென்றால், அது அவார்டில் 'விட்டுப்போகவில்லை'. அது அங்கே வரவேயில்லை.

புதிய சட்டத்தொகுப்பில் அரசு ரெஃபரன்ஸ் அனுப்ப வேண்டும் என்ற கட்டம் போய்விட்டது. சமரசம் முறிந்த அறிக்கை கைக்கு வந்த 90 நாளுக்குள் நீங்களே நேராகத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கலாம். இது நல்லதுதான். ஆனால் எல்லையை வரைகிற பொறுப்பு இனிமேல் உங்கள் தலையில். விண்ணப்பத்தில் எழுதாததை அவார்டில் எதிர்பார்க்க முடியாது. கோரிக்கைப் பட்டியலை எழுதும் இரவில் இன்னும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஷிப்ட் அலவன்ஸ், சர்வீஸ் வெயிட்டேஜ் (பணியாண்டுகளுக்கு ஏற்பக் கூட்டித் தருவது), அமலாகும் தேதி எல்லாம் இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள்.

தேதிகளைத் தனித் தாளில் எழுதுங்கள்

அவார்டில் கையெழுத்தான தேதி. அரசு வெளியிட்ட தேதி. வெளியான நாளிலிருந்து 30 நாள் முடியும் தேதி, அன்றுதான் அது அமலுக்குரியதாகிறது என்று 17ஏ பிரிவு சொல்கிறது. அப்புறம், சம்பள உயர்வு எந்தத் தேதியிலிருந்து என்று அவார்டுக்குள்ளேயே எழுதியிருக்கிறதா என்பதைத் தேடுங்கள். எழுதியிருந்தால் அந்தத் தேதி. எழுதாமல் போயிருந்தால், அமலுக்குரியதான நாளிலிருந்துதான் கணக்கு. கோரிக்கை வைத்து நான்கு ஆண்டு கழித்து வந்த அவார்டில் இந்த ஒரு வரி இல்லாததால் நான்கு ஆண்டு நிலுவைத்தொகை கையை விட்டுப் போய்விடும். வாதம் முடியும் அன்றைக்கே எழுத்துமூல வாதக் குறிப்பில் தேதியைக் கேட்டு வையுங்கள். பிறகு கேட்பது மிகவும் கடினம்.

எழுத்துப் பிழையா, முடிவில் குறையா?

இங்கேதான் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தொழில் தகராறுகள் (மத்திய) விதிகள், 1957-இல் 28-ஆவது விதி ஒரு சிறிய வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. எழுத்துப் பிழை, கைதவறி நேர்ந்த பிழை, கவனக்குறைவால் விட்டுப்போனது ஆகியவற்றைத் தீர்ப்பாயம் தானாகவோ மனுவின் பேரிலோ திருத்தலாம். உத்தரப்பிரதேசத்தின் தனிச் சட்டத்தில் 6(6) பிரிவும் இதையே சொல்கிறது. அந்தப் பிரிவை வைத்து வந்த இம்தியாஸ் ஹுசைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோட்டைத் தெளிவாகப் போட்டது: பிழைதிருத்தம் என்ற பெயரில் தீர்ப்பின் உள்ளடக்கத்தை மாற்றக் கூடாது. 2005-இல் கப்டா மஸ்தூர் ஏக்தா யூனியன் வழக்கிலும் இதே போக்குதான். சட்டம் தனியாக அதிகாரம் கொடுக்காவிட்டால், தீர்ப்பாயம் தன் முடிவின் நியாய அநியாயத்தை மறுஆய்வு செய்ய முடியாது. விசாரணை நடந்த முறையிலேயே கோளாறு, உதாரணமாக ஒரு தரப்புக்கு நோட்டீஸே போகவில்லை என்றால், அதை மட்டும் சரிசெய்யலாம்.

ஒரு கணக்கை வைத்துப் பாருங்கள். அவார்டின் அட்டவணையில் இப்படி இருக்கிறது: அடிப்படைச் சம்பளம் 9,000 ரூபாய், பஞ்சப்படி 4,200, வீட்டு வாடகைப்படி 1,350, மொத்தம் 14,450. கூட்டிப் பார்த்தால் 14,550 வருகிறது. நூறு ரூபாய் எங்கே போனது? கூட்டலில். இது பிழை, திருத்தலாம். மனு ஒரு பக்கம் போதும். இன்னொன்று: 22-ஆவது பத்தியில் "உயர்வு 1,500 ரூபாய் என்று முடிவு செய்கிறேன்" என்று இருக்கிறது, கடைசி உத்தரவில் 150 என்று அச்சாகியிருக்கிறது. இதுவும் பிழைதான். தீர்ப்பாயத்தின் மனதில் இருந்த எண் 22-ஆவது பத்தியிலேயே இருக்கிறதே. ஆனால், "வாடகைப்படி 15 விழுக்காடு என்று கொடுத்திருக்கிறீர்கள், பக்கத்துக் கம்பெனியில் 20 கொடுக்கிறார்கள், கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள்" என்பது பிழையல்ல. அது முடிவு. முடிவு தவறாகவே இருக்கலாம். ஆனாலும் அதைத் தொட அந்தத் தீர்ப்பாயத்துக்குக் கை இல்லை.

நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை இது: திருத்தம் செய்ய, அவார்டுக்கு வெளியே வேறு ஒரு தாளைப் படிக்க வேண்டியிருக்கிறதா? புதிதாக வாதம் செய்ய வேண்டியிருக்கிறதா? 'ஆமாம்' என்றால் பெரும்பாலும் அது எழுத்துப் பிழையாக இருக்காது.

பல ஆண்டுகளுக்கு முன் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைச் சங்கத்துக்காகக் கட்டுகளைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அவார்டில் சர்வீஸ் வெயிட்டேஜ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாங்கள் கேட்டிருந்தோம், வாதாடியும் இருந்தோம். திருத்த மனு போட்டோம். பதினான்கு மாதம் வாய்தா வாங்கி, கடைசியில் "இது திருத்தம் அல்ல, புதுத் தீர்ப்பு கேட்கிறீர்கள்" என்று தள்ளுபடி ஆனது. அதற்குள் உயர் நீதிமன்றம் போவதற்கு 'ஏன் இவ்வளவு தாமதம்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் நிலைமை. அந்தப் பதினான்கு மாதத்தில் மூன்று பேர் ஓய்வு பெற்றுப் போனார்கள். அவர்களில் ஒருவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் காலைச் சாப்பாட்டை டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு வருவார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றது இன்னும் மறக்கவில்லை.

ஒருதலைப்பட்ச அவார்டு என்றால்

ஒரு தரப்பு வராமல் வந்த அவார்டு, பேச்சுவழக்கில் எக்ஸ்பார்ட்டி. நியாயமான காரணம் இருந்தால் இதை ரத்துசெய்து மறுபடி விசாரிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1980-இல் கிரிண்ட்லேஸ் வங்கி வழக்கு சொன்னது. வெளியாகி 30 நாள் தாண்டினால் அதிகாரம் போய்விடுமா என்பதில் நெடுங்காலம் இழுபறி இருந்தது. 2018-இல் ஹரியானா சூரஜ் மால்டிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, 30 நாளுக்குப் பிறகும் கேட்கலாம் என்று தீர்த்துவைத்தது. அதற்காகச் சாவகாசமாகப் போகாதீர்கள். தாமதத்துக்கு நாள் வாரியாகக் காரணம் சொல்ல வேண்டிவரும்.

பொருள் புரியவில்லை, பணம் வரவில்லை என்றால்

"தொடர்ந்து பணியாற்றும் அனைவருக்கும்" என்று அவார்டில் இருக்கிறது, தற்காலிகத் தொழிலாளர்கள் அதில் வருவார்களா என்று சண்டை. இதுபோன்ற பொருள் குழப்பத்துக்கு 36ஏ பிரிவு. அரசு அந்தக் கேள்வியைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும், அது சொல்லும் விளக்கமே இறுதி. விளக்கம் மட்டும்தான் கிடைக்கும். புதிய ஷரத்து கிடைக்காது.

அவார்டு தெளிவாகத்தான் இருக்கிறது, நிர்வாகம் பணம் தரவில்லை என்றால் 33சி. தொகை ஏற்கெனவே நிச்சயமாகிவிட்டது என்றால் 33சி(1) விண்ணப்பம் அரசுக்கு. ஓராண்டுக்குள் போட வேண்டும். நிலவரிப் பாக்கியைப் போல வசூலிப்பார்கள். கணக்குப் போட்டுத் தொகையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் 33சி(2), தொழிலாளர் நீதிமன்றத்தில். இங்கே நீதிமன்றம் கணக்கு எழுதுகிறவரைப் போல உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடுவதற்காக அவார்டைப் பொருள்கொள்ளலாம், அதை 1963-இல் ராஜகோபாலன் வழக்கு ஒப்புக்கொண்டது. அவார்டுக்குப் பின்னால் போய் அது சரியா தவறா என்று கேட்கக் கூடாது. இது பாம்பே காஸ் வழக்கின் சட்டம். டெல்லி மாநகராட்சிக்கு எதிராக கணேஷ் ரசாக் என்பவரும் மற்ற தினக்கூலிகளும் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு இந்தப் பிரிவில்தான் போனார்கள். உரிமையே இன்னும் தீர்மானிக்கப்படவில்லை, அதனால் இங்கே கணக்கு மட்டும் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. கோரிக்கையில் நியாயம் இருந்தும் வாசல் மாறியதால் நேர்ந்தது அது.

அவார்டே தவறு என்றால் எங்கே போவது?

உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு. இதற்கும் எல்லை இருக்கிறது. உயர் நீதிமன்றம் சாட்சியத்தை மறுபடி எடைபோடாது. அதிகார வரம்பு மீறல், பதிவில் பளிச்சென்று தெரியும் சட்டப் பிழை, ஆதாரமே இல்லாத முடிவு, இயற்கை நீதிக்கு விரோதம் என்று ஏதாவது காட்ட வேண்டும். நாங்கள் கேட்ட வெயிட்டேஜ் பற்றித் தீர்ப்பாயம் ஒன்றுமே சொல்லாமல் விட்டதே, அதற்கு இங்கேதான் முதல் நாளே வந்திருக்க வேண்டும்.

புதிய தகராறு எழுப்புவது

சட்டப் பிழை எதுவும் இல்லை, காலம் மாறிவிட்டது, விலைவாசி ஏறிவிட்டது என்றால் பழைய அவார்டைக் கிளறாதீர்கள். அதை முடித்துவைத்துப் புதியது கேளுங்கள். 19(3) பிரிவின்படி அவார்டின் காலம் ஓராண்டு. அரசு ஒரு நேரத்தில் ஓராண்டுக்கு மேற்படாமல், மொத்தம் மூன்றாண்டு வரை நீட்டலாம். அந்தக் காலம் முடிந்தாலும் அவார்டு தானாக இறந்துவிடாது. ஒரு தரப்பு முடித்துக்கொள்கிறோம் என்று நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் ஆகும் வரை அது கட்டுப்படுத்தும். நோட்டீஸ் எழுத்தில் இருக்கட்டும், எந்த அவார்டு, எந்தத் தேதி என்று குறிப்பிட்டு ஒப்புகையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 19(7) கேட்கும் இன்னொரு நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: கட்டுப்பட்டவர்களில் பெரும்பான்மையினரின் சார்பாக வந்த நோட்டீஸ்தான் செல்லும். உறுப்பினர் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். பொதுக்குழுத் தீர்மானத்தை இணைத்துவிடுங்கள்.

ஓராண்டு முடியும் முன்பே நிலைமை அடியோடு மாறிவிட்டால்? 19(4) இருக்கிறது. ஆனால் அதில் தீர்ப்பாயம் சொல்லக்கூடியது காலத்தைக் குறைக்கலாமா வேண்டாமா என்பது மட்டும்தான். சம்பள எண்ணை அங்கே தொட முடியாது.

நோட்டீஸ் கொடுத்துவிட்டால் அடுத்த நாளே பழைய சம்பளம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். நிர்வாகம் அப்படிச் சொன்னாலும் நம்ப வேண்டாம். அவார்டின் காலம் முடிந்த பிறகும் புதியது வரும் வரை அந்தப் பலன்கள் வேலை ஒப்பந்தத்தின் பகுதியாக நிற்கும் என்று சவுத் இந்தியன் வங்கி வழக்கில் தீர்ப்பானது.

புதிய தகராறிலும் தீர்ப்பாயம் வெறும் பலகையில் எழுதத் தொடங்காது. பர்ன் கம்பெனி வழக்கில், நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர் எழுதிய தீர்ப்பு இன்றும் வழிகாட்டி: முன்பு ஒரு அவார்டு இருந்தால், சூழ்நிலை மாறியிருக்கிறது என்று காட்டாமல் அதை எளிதில் மாற்றக் கூடாது. ஆகவே விலைவாசிக் குறியீட்டெண், கம்பெனியின் லாப நட்டக் கணக்கு, அந்த வட்டாரத்தில் அதே தொழிலின் சம்பளம் ஆகிய மூன்றையும் அவார்டு வந்த ஆண்டு, இந்த ஆண்டு என்று அருகருகே இரண்டு வரிசையாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகம் குறைக்கச் சொல்லி வந்தால்

இதற்கு நம் சென்னையிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. ரெப்டகோஸ் பிரெட் கம்பெனியின் சென்னைத் தொழிற்சாலையில் பஞ்சப்படி விலைவாசிக் குறியீட்டெண்ணோடும் அடிப்படைச் சம்பளத்தோடும் இணைந்த ஸ்லாப் முறையில் இருந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டு பழக்கம், பல ஒப்பந்தங்களில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. விலைவாசியைவிடப் பஞ்சப்படி வேகமாக ஏறுகிறது என்று சொல்லி நிர்வாகம் அதை மாற்றக் கேட்டது. தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டது, உயர் நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. 1991 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது.

அதில் தங்கியிருக்கும் சட்டம் இது. தொழிலாளருக்குப் பாதகமாகச் சம்பள அமைப்பை மாற்றவே முடியாது என்றில்லை. ஆனால் இருக்கிற சம்பளச் சுமையைத் தாங்க முடியாத நிதி நெருக்கடி என்று நிர்வாகம் நிரூபிக்க வேண்டும். எப்படியானாலும் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போக முடியாது. அந்தக் குறைந்தபட்சம் எது என்பதற்கு 1957-இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த ஐந்து அளவுகோல்களோடு, பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், விழாக்கள், முதுமை போன்றவற்றுக்காக 25 விழுக்காட்டை ஆறாவதாகச் சேர்த்தது அந்தத் தீர்ப்பு. 1950-களின் பிற்பகுதியில் கிரவுன் அலுமினியம் வழக்கு ஏற்கெனவே சொன்னதுதான்: குறைந்தபட்ச ஊதியம்கூடக் கொடுக்க முடியாத தொழிலுக்கு நடந்துகொண்டிருக்க உரிமை கிடையாது.

அதனால் குறைப்புக் கோரிக்கை வந்தால் முதல் வாய்தாவிலேயே கேட்க வேண்டியது ஐந்தாண்டுக் கணக்குகளை. தணிக்கையான லாப நட்டக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் வேண்டும் என்று மனு போடுங்கள். "சிரமத்தில் இருக்கிறோம்" என்ற வாய்மொழி போதாது. நிர்வாகம் தீர்ப்பாயத்துக்குப் போகாமல் தானே குறைத்துவிட்டால், 9ஏ பிரிவின்படி 21 நாள் நோட்டீஸ் கொடுத்ததா என்று பாருங்கள். அவார்டு உயிரோடு இருக்கும்போது குறைத்திருந்தால் அது அவார்டு மீறல். 29-ஆவது பிரிவின் கீழ் குற்றம்.

அரசே அவார்டைத் தொட்ட கதையும் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி பஞ்சாபகேச சாஸ்திரி தலைமையிலான தீர்ப்பாயம் 1953-இல் கொடுத்த வங்கி அவார்டு மேல்முறையீட்டில் மாறியது. அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பை 1954-இல் மத்திய அரசு தொழிலாளருக்குப் பாதகமாகத் திருத்தியது. தொழிலாளர் அமைச்சராக இருந்த வி.வி. கிரி அதை ஏற்காமல் பதவியை விட்டு விலகினார். பிறகு கஜேந்திரகட்கர் தலைமையில் ஆணையம் அமைத்து, 1955-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. பழைய வங்கி ஊழியர்கள் இன்றும் 'சாஸ்திரி அவார்டு' என்று பெயர் சொல்லிப் பேசுவார்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியது

அலுவலகத்தில் ஒரு நீள நோட்டு வாங்கி, ஒவ்வொரு அவார்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே ரெஃபரன்ஸ் அல்லது விண்ணப்பத்தின் கேள்வியை வார்த்தை மாறாமல் எழுதுங்கள். அதன் கீழே வெளியான தேதி, 30-ஆவது நாள், ஓராண்டு முடியும் நாள், நோட்டீஸ் அனுப்பிய நாள், ஒப்புகை வந்த நாள். ஒப்புகை அட்டையை அதே பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பத்தாண்டு கழித்து உங்கள் இடத்தில் வந்து உட்காரும் செயலாளர் குறுக்கு விசாரணையில் நிற்கும்போது, நிர்வாகத்தின் வக்கீல் முதலில் கேட்கப்போவது அந்த அட்டையைத்தான்.